தொட்டியில் விழுந்த ஊக்கு

வைட்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குச் சாமான் இறக்கப் போனேன். உள்ளே யாரோ பீங்கான் மண் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனையில் தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன்.

மர்பி டவுனில் அம்மாவும் பக்கத்து வீட்டு சரசக்காவும் ஒரு பீங்கான் பட்டறையில் மண் கலக்கினார்கள். ஒருநாள் அம்மாவின் வளையலில் மாட்டியிருந்த ஊக்கு தொட்டியில் விழுந்துவிட்டது. உள்ளேயே துருப்பிடித்தால் சூளையில் வெள்ளைக் கோப்பையெல்லாம் பழுப்புப் புள்ளியாகும். இருவருக்கும் வேலை போகும்.

“வளையல்ல மாட்டாதேன்னா கேட்டியாடி?”

“கத்தாதேக்கா. தொட்டியைத் தாண்டி எங்க போயிடும்?”

தோள்வரை கையை விட்டு அம்மா துழாவினாள்.

“குத்திடுச்சுக்கா!”

“ரத்தம் சொட்டப் போவுது, கையை எடுடி!”

பிறகு எத்தனையோ ஊரில் வேலை பார்த்துவிட்டேன். குத்துப்பட்டு அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியவரை வேறெங்கும் பார்க்கவில்லை.