யார் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு. சிவப்புப் பெயின்ட் அடித்தது. ஜட்டிக்குத் தைத்தது போக மீந்த எலாஸ்டிக் நாடாவை அதில் கோத்து, சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டும்வரை அடுத்தவள் எழக்கூடாது. நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கத்தில் அந்தப் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஓவர்லாக் மெஷினில் தைத்தேன். அந்தப் பலகையை நான் கழுத்தில் மாட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் எனக்கு அப்போது பெருமை வேறு.

பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுவேன். சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்தால் ஷிப்ட் முடிந்துதான் எழுவேன். அதற்கு வழி எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வீட்டில் காலையில் அரை டம்ளர் டீ. மத்தியானம் சோறு தொண்டையில் இறங்குவதற்கு இரண்டு மடக்கு. தகரக் கூரைக்குக் கீழே, முப்பத்திரண்டு மெஷின் சூட்டில், பஞ்சுத் தூசி மூக்கில் ஏற ஏற, உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும். உதடு வெடித்தால் நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு தைப்போம். மெஷின் பக்கம் பாட்டில் வைக்கக்கூடாது, துணியில் கறை படும் என்று உத்தரவு. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது தடவை எவளாவது பலகையைக் கேட்டால், மதுரைப் பக்கத்துக்காரரான எங்கள் சூப்பர்வைசர் மொத்த லைனுக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா, இப்பத்தானே போயிட்டு வந்த? வீட்ல குடத்தோட குடிச்சிட்டு வந்தியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். "இந்தம்மாவப் பாருங்க, எந்திரிக்கவே மாட்டாங்க" என்று என்னைக் காட்டுவார். முட்டாள் மாதிரி நானும் குளிர்ந்து போவேன்.

நான் எழுத வந்தது சூப்பர்வைசரைப் பற்றி அல்ல. கழிப்பறைகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவைப் பற்றி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டு மணிக்கே வந்து மூன்று கழிப்பறைகளையும் கழுவிவிட்டு, அங்கே போகிற சந்தின் வாயில் ஒரு உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மூன்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்குள் யாராவது போனால் கதவை வெளியிலிருந்து முதுகால் அழுத்திக்கொண்டு நிற்பார். அவர் முன்னால் அக்கா என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் வேறு வார்த்தை சொல்வோம். அந்த வார்த்தையை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது, அன்றைக்கு வாய் கூசவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கை கழுவப் போனபோது என்னை நிறுத்தினார்.

"ஏ அம்மிணி, நீ இந்தப் பக்கம் வந்து நாலு நாளாச்சாட்டிருக்குது?"

"நான் வந்தா என்ன, வராட்டி உனக்கென்ன? உன்ற வேல கம்மியாச்சுன்னு சந்தோசப்படு" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "சந்தோசந்தான். ஆனா உள்ள போற தண்ணி வெளிய வரோணுமல்லோ? எங்க போவுதுன்னு ரோசன பண்ணிட்டிருக்கறேன். முந்தி வந்தப்பவும் கோமியமாட்ட மஞ்சளாப் போயிருந்துது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இதையெல்லாம் ஒருத்தி கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே அசிங்கமாக இருந்தது. அவருக்கு அது தொழில். எவள் வருகிறாள், எவள் வருவதில்லை, எவளுக்கு எரிகிறது, எவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாங்கள் தைத்த பீஸுக்கு மணிக்கு மணி ரிப்போர்ட் போனது. எங்கள் உடம்பைப் பற்றிய ரிப்போர்ட் அவரிடம் மட்டும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் இடுப்புக்குப் பின்னால் வலி வந்தது. பிள்ளை பெற்றவள் நான். இது அதைவிடக் கொடுமை. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீரகத்தில் கல். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார். பிறகு அவரே, "மூணு லிட்டர் குடிக்கணும். குடிச்சா இந்தக் கல்லு தானா இறங்கிப் போயிடும். குடிக்காட்டி அந்தக் கிட்னிய நான் காப்பாத்த முடியாது" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் பழையபடி அரை டம்ளர் டீயோடு வேலைக்குப் போனேன். கல் இருக்கிறது என்று சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்று லிட்டர் குடித்தால் அந்தப் பலகையை எத்தனை தடவை மாட்டுவது? அது என்னால் முடியாது என்று நினைத்தேன். கிட்னியைவிட மானம் பெரிதாகத் தெரிந்த காலம்.

பத்து நாளில் இரண்டாவது தடவை வலி வந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே. எப்படியோ எழுந்து, பலகைகூட எடுக்காமல் சந்துக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஓடி வந்தார். ஸ்டூலுக்கு அடியில் வைத்திருந்த தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு நொடிதான். அவர் கையையும் பார்த்தேன், பாட்டிலையும் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் என் மனதில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"குடி அம்மிணி. கம்பெனி கேன்ல புடிச்சதுதான். நான் வாய் வெக்கல" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கல் வலியைவிட அந்த வார்த்தை வலித்தது. வாங்கி மொத்தத்தையும் குடித்தேன். அவர் இன்னொரு பாட்டில் பிடித்து வந்தார். அதையும் குடித்தேன். அன்றைக்குத்தான் அவரிடம் கல் விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்? எங்கிட்ட யாரு பேசறாங்க?" என்றார்.

அடுத்த வாரம் ஆடிட் வந்தது. வெளிநாட்டில் நம் துணியை வாங்குகிற கம்பெனிக்காக ஆள் வந்து, தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. முந்தின நாளே எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்கள். எத்தனை மணி நேரம் வேலை, எப்போது டீ, தண்ணீர் உண்டா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கொடுத்தார்கள். டெய்லருக்குப் பாடம், செக்கிங்குக்குப் பாடம், அயர்னுக்குப் பாடம், வாட்ச்மேனுக்கும் பாடம். ஆடிட் அன்று காலையில் பலகை ஆணியில் இல்லை. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் புது பாட்டிலில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு பாட்டில். ஒருத்திகூடக் குடிக்கவில்லை. பழக்கம் அப்படி.

கழிப்பறை அக்காவுக்கு மட்டும் யாரும் பாடம் நடத்தவில்லை. அவரிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆடிட்டுக்கு வந்தது ஒரு பெண். கழிப்பறைக்குப் போனவர் வெளியே வந்து கை கழுவிக்கொண்டே அக்காவிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தார். எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்னது இதுதான்: "தண்ணி இருக்குதுங்க. ஆனா குடிச்சா எங்கிட்டத்தானுங்க வரோணும்? யாரும் வர்றதில்லீங்களே."

பின்னாலேயே நின்றிருந்த சூப்பர்வைசர் முகம் செத்துப் போனதாம். அரை மணியில் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஆர்டர் போச்சு, கம்பெனியை மூடிவிடுவார்கள், எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது நான். சந்துக்குப் போய், "உனக்கு எதுக்கு இந்த வேல? எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியே" என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் உன்ற பேரச் சொல்லல அம்மிணி. கேட்டாங்க, இருக்கறதச் சொன்னேன். நெசத்தச் சொல்லக்கூடாதுன்னா எனக்கும் முந்தியே பாடம் நடத்தியிருக்கோணும்" என்றார்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். எங்கள் பக்கத்து முதலாளிகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "அந்தம்மா சொன்னது நெசமுங்களா? இல்ல, வேணும்னே சொன்னாங்களா? சொல்லுங்க. பொய்னா அவங்க நாளைல இருந்து வரவேண்டாமுங்க" என்றார். அக்கா ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைன் முழுக்கக் குனிந்து மெஷினைப் பார்த்தது. பொய் என்று யாராவது முனகினால் போதும், அவர் வேலை போயிருக்கும். எங்கள் பலகையும் ஆணிக்குத் திரும்பியிருக்கும்.

நான் எழுந்தேன். நல்லவள் என்பதால் எழுந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. அக்கா நிற்கிற நிலையைப் பார்த்து என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் எழுந்தேன்.

"நெசந்தானுங்க. எனக்குக் கல்லு இருக்குதுங்க. டாக்டரு மூணு லிட்டரு குடிக்கச் சொன்னாரு. நான் மூணு டம்ளருகூடக் குடிக்கறதில்ல. குடிச்சா அந்தப் பலகையக் கழுத்துல மாட்டிட்டு இந்தச் சூப்பர்வைசருகிட்டப் பேச்சு வாங்கோணும். உங்களுக்கு நான் தைக்கற பீஸ் வேணும். எனக்கு என்ற கிட்னி வேணுமுங்க."

எனக்குப் பின்னால் ஒரு குரல், "எனக்கும் எரியுதுங்க" என்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் முதலாளிக்குக் கேட்க விருப்பமில்லாத அளவுக்குக் குரல்கள். அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மாடிக்குப் போய்விட்டார்.

ஆர்டர் போகவில்லை. குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நேரம் கொடுத்தார்கள். பலகை போனது, தாழ்ப்பாள் வந்தது, இன்னும் இரண்டு கழிப்பறை கட்டினார்கள். லைனில் தண்ணீர் கேன் வைத்தார்கள். அக்கா வேலையில் இருந்தார். "எல்லாரும் மகராசியாட்ட வந்துட்டுப் போறீங்க, என்ற இடுப்புத்தான் ஒடியுது" என்று சிரிப்பார். சிரித்தாலும் உண்மை அதுதான். நாங்கள் குடித்த தண்ணீருக்கு அவர் வேலை இரண்டு மடங்கானது. இரண்டாவது ஆள் போட நாங்கள் இன்னொரு தடவை கத்த வேண்டியிருந்தது. அந்தத் தடவை அவருக்காகக் கத்தினோம்.

நான் குடித்தேன். மணிக்கு ஒரு தடவை, பாட்டிலில் கோடு போட்டுக் குடித்தேன். சந்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பார், கேட்கமாட்டார். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது கல் இல்லை. அந்த ரிப்போர்ட்டை நேராக அவரிடம்தான் கொண்டு போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குது?"

"ஒண்ணுமில்லீன்னு எழுதியிருக்குதுக்கா."

"ஒண்ணுமில்லீங்கறதுக்கு இத்தாம் பெரிய காயிதமா?" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வாயில் அந்த வார்த்தை வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் மகளோடு இருக்கக் காங்கேயம் பக்கம் போய்விட்டார். இப்போதெல்லாம் காலை வேளைகளில் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். கையில் கோடு போட்ட பாட்டில், எப்போது குடிக்க வேண்டும் என்று மணியடிக்கிற போன். நல்லதுதான், குடிக்கட்டும். அவர்கள் குடிப்பதை யாரும் தடுக்கவில்லை, அவர்களுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். எங்களுக்கு ஞாபகம் இருந்தது. எழுந்து போகத்தான் விடவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் முதலில் கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு ஒட்டட்டும்.

இப்போது அனுப்பர்பாளையத்தில் வேறொரு கம்பெனியில் நானே லைன் சூப்பர்வைசர். பீஸ் ரிப்போர்ட் மணிக்கு மணி என் மேசைக்கு வந்துவிடும். அதற்கு முன் நான் பேசுவது இங்கே கழிப்பறை கழுவுகிற அம்மாவிடம். நேற்று அவர், "அந்த மூணாவது மெஷின் புள்ள ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரலீங்க" என்றார். வடக்கே ஒடிசாவிலிருந்து வந்த பெண், சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. போய்ப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. பாட்டிலைத் திறந்து கொடுத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் "பானி பியோ" என்றேன். "டார்கெட், தீதி" என்று பயந்துபோய்ச் சொன்னாள். தீதி என்றால் அக்கா. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவள் மேசையில் துணி குவிந்தது. பாட்டில் காலியானதும் என் முகத்தைப் பார்த்தாள், கழிப்பறைக்குப் போகட்டுமா என்று கேட்பது போல. அதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்று இந்தியில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து அவள் மெஷின் சுவிட்சை நானே அணைத்தேன்.