சொல்லாமல் வைத்திருந்த முடிவு

எங்கள் பல்கலைக்கழகமும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய நிலத்தடி நீர் ஆய்வுக்காக, நாரணாபுரம் பக்கம் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். அந்த வீட்டுக்காரரான பட்டாசு ஆலைத் தொழிலாளி முருகேஸ்வரிதான் இறைத்துக் கொடுத்தார். அதில் குடிக்கத் தகாத அளவுக்குப் பட்டாசு ரசாயனம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்தது. கட்டுரை வெளிவரும்வரை முடிவைச் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். நானும் வாயைத் திறக்கவில்லை.

மறு ஆண்டு போனபோது முருகேஸ்வரி கைக்குழந்தையோடு வரவேற்றார்.

“வாங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லலையா, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு கேன் தண்ணிய நிறுத்திட்டோம். பிள்ளைக்குப் பால் கரைக்கிறதும் இதுலதான்.”

அங்கேயே உண்மையைச் சொன்னேன்.

அவர் குழந்தையை இறுக்கிக்கொண்டார். “ஒரு வருசமாத் தெரிஞ்சும் சும்மாவா இருந்தீக?”



கட்டுரை பின்னர் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் வரிசையில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. இன்றுவரை அதை யாரிடமும் காட்டியதில்லை.