டைமிங் லைட்டில் தெரிந்த விரல்கள்

நம்பாவிட்டால் விடுங்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று காய்ச்சலும் இல்லை. போன மார்கழி பதினெட்டாம் திகதி, மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரையோர வீடொன்றில் இது எனக்கு நடந்தது.

என் பெயர் உதயரூபன். நாவற்குடாவில் கராஜ் வைத்திருக்கிறேன். பழைய கார் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். க்ளைவும் அப்படித்தான் வந்தார். பறங்கி ஆள், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த சனம். இருபது வருசமாக மெல்பேர்னில். தாயும் தகப்பனும் செத்துவிட்டார்கள். வீட்டையும் தகப்பன் ஹெக்டரின் பழைய மொறிஸ் மைனர் காரையும் விற்க வந்திருந்தார்.

"கார் சும்மா நிண்டதுதான். டைமிங் மட்டும் பிழை. நாளைக்குக் காலையில வாங்கிற ஆள் வாறார்," என்றார். வீட்டுத் திறப்பையும் கார்த் திறப்பையும் தந்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் ஓர் இரவுகூட அவர் தங்கவில்லை.

டைமிங் பெரிய மந்திரம் இல்லை. பிளக்கில் பொறி சரியான நேரத்தில் விழவேண்டும், அவ்வளவுதான். பொறி விழும்போதெல்லாம் டைமிங் லைட்டும் மின்னும். அந்த வெளிச்சத்தில், சுழலும் சக்கரத்தில் இருக்கிற கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கோடு முள்ளுக்கு நேரே வரும்வரை பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பி, அதன் ஆணியை இறுக்கவேண்டும். இருட்டினால்தான் கோடு தெளிவாகத் தெரியும். அதனால் பெற்றோலை ஊற்றிவிட்டுப் பொழுதுபடும்வரை காத்திருந்தேன்.

5.50க்குப் பொனட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டேன். சூடு. என்ஜினை நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை... மற்ற இரும்பெல்லாம் குளிர்ந்து கிடந்தது.

6.05. ஸ்டார்ட் பண்ணினேன். டக்... டக்டக்... டக். திக்கித் திக்கி ஓடியது. கோட்டை நேரே கொண்டுவந்து ஆணியை இறுக்கினேன். நிமிர்ந்தேன். சத்தம் மாறியது. குனிந்து பார்த்தால் கோடு விலகி நிற்கிறது. ஆணி தளர்ந்திருந்தது.

மூன்று தரம் இப்படி.

6.20. இந்தத் தரம் ஆணியைத் தொடவில்லை. லைட்டை நேரே டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பிடித்தேன்.

நாலு விரல்...

வயதான பொம்பிளையின் விரல்கள். தோல் சுருங்கி, நகம் நீலம் பாரித்து, டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடித்திருந்தன. லைட் மின்னினால் இருக்கின்றன. அணைந்தால் இல்லை.

பாய்ந்து போய்த் திறப்பை உருவினேன்.

என்ஜின் நிற்கவில்லை.

திறப்பு என் கையில்...

காதுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

"க்ளைவ்... வந்திட்டியா?"

ஓடினேன். நான் க்ளைவ் இல்லை என்று சொல்லக்கூட நிற்கவில்லை.

கேற்றடியில் பக்கத்து வீட்டு ஜனின் அன்ரி நின்றா. என் முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினா.

"குவெண்டலினைக் கண்டியா மனே?"

"ஆர் அது?"

"க்ளைவ்ட அம்மா. மகன் வந்தா ஓடுறதுக்கு எண்டு ஒவ்வொரு பின்னேரமும் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பா. போன வருசம் ஒருநாள்... இரவு முழுக்க என்ஜின் சத்தம் கேட்டது. பெற்றோல் முடிஞ்சு, விடியத்தான் நிண்டது. இந்தத் தெருவில ஒருத்தரும் எழும்பிப் போகல்ல. நானும்தான்."

கேற்றைச் சாத்திவிட்டு மிச்சத்தைச் சொன்னா.

"பொனட்டுக்குள்ள குனிஞ்சபடி கிடந்தா. கை விறைச்சுப் போச்சு. விரலைப் பிரிக்க ஏலாம, அவ பிடிச்சிருந்த சாமானைக் கழட்டித்தான் ஆளை எடுத்தாங்க. பிறகு ஆரோ அதைத் திருப்பிச் சொருகி விட்டாங்க."

டிஸ்ட்ரிபியூட்டர். டைமிங் பிழையானது அப்படித்தான்.

6.40. அங்கே நின்றபடியே க்ளைவுக்குப் போன் எடுத்தேன். தாய் எப்படிச் செத்தா என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார். "செத்த வீட்டுக்கு வர லீவு கிடைக்கல்ல."

பின்னால், இருட்டில், என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது திக்கவில்லை. ஒரே சீராக... நானும் ஜனின் அன்ரியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சத்தம் கேக்குது," என்றார் க்ளைவ். "நல்லா ஓடுது. டைமிங் சரியா வந்திட்டு, என்ன?"