பீரங்கிக்காரரும் சம்பந்தியின் காலரும்

கப்பல்காரர் போர்க்கப்பலில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அது சத்தியம். பார்த்த வேலை இஸ்திரி போடுவது. அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கப்பல் ஆட ஆட மாலுமிகளின் சட்டைகளைத் தேய்த்துத் தள்ளினார். அதில் அவருக்கு இம்மியும் வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அப்பா, கப்பலில் என்ன வேலை என்று விசாரித்ததும் அந்த அம்மாள் முந்திக்கொண்டாள்.

"பீரங்கி சுடுவாருங்க."

வாயிலிருந்த தேநீரைக் கப்பல்காரர் விழுங்குவதற்குள் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது.

நான்கு வருஷமாக அவர் பீரங்கிக்காரர். சம்பந்தியோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கேள்வி கேட்டே பழகியவர். வரும்போதெல்லாம் யுத்தத்தைப் பற்றித் துருவுவார். கப்பல்காரர் கண் அவருடைய சட்டைக் காலரிலேயே இருக்கும். இடப்பக்க நுனி எப்போது பார்த்தாலும் மேலே சுருண்டு நிற்கும். கப்பல்காரருக்குக் கை பரபரக்கும். பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த லட்சணத்தில், அதே கப்பலை அருங்காட்சியகமாக்கித் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி விடுவாரா? மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். மனைவி வழியெல்லாம் கப்பல்காரரின் காதைக் கடித்தாள். ஏதாவது உளறிவைத்தால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்பது அவள் கவலை. நியாயமான கவலைதான், பொய் யாருடையதாக இருந்தாலும்.

மேல்தளத்துப் பீரங்கியில் குண்டை எந்தப் பக்கம் போடுவது என்று சம்பந்தி கேட்டார். கப்பல்காரர் அதை இரண்டு சுற்று சுற்றிவந்து, ராணுவ ரகசியம் என்று சொல்லிவிட்டார். அதையே படம் போட்டு விளக்கியிருந்த பலகையை மனைவி முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். சம்பந்தி மரியாதையாகத் தலையாட்டினார். தலை தப்பியது.

அடுத்தது கேப்டன் அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேப்டனின் வெள்ளை உடுப்பு. கால்சட்டையின் ஒரே காலில் இரண்டு மடிப்புக் கோடு! கப்பல்காரர் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். கடைசியில் காவலாளியிடம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதைத் தொட நீ யார் என்கிற மாதிரி காவலாளி பார்த்தான். அவ்வளவுதான், கப்பல்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"இந்த உடுப்பைப் பதினோரு வருஷம் தேய்ச்சவன்யா நான். ஒரு நாள்கூட ரெட்டைக் கோடு விழுந்ததில்ல."

மனைவி வட்ட ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். மகளின் நினைப்பு அப்போதுதான் கப்பல்காரருக்கு வந்தது. சம்பந்தி கால்சட்டையைப் பார்த்தார், கப்பல்காரரைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல மேலே போய் இடது காலரைத் தடவியது.

"இதை எப்ப கவனிச்சீங்க சம்பந்தி?"

"கல்யாணத்தன்னைக்கே."

"நாலு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கப்பல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பீரங்கிக்காரன் எப்படிங்க அதைச் சொல்றது?"