சத்தம் போடாத மூட்டு

என் அக்காள் புருஷனைப் பற்றி என்னிடம் கேட்டால் முழுக்க நல்லதாகச் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக என்னை மட்டம் தட்டியே பொழுதைப் போக்கிய மனிதர் அவர். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியில் எங்கே கோளாறு என்று சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. மெக்கானிக் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ‘காது’ என்றுதான் பெயர். வண்டி லேசாக முனகினாலே, காதிடம் காட்டினாயா என்றுதான் கேட்பார்கள்.

வண்டி வந்து நின்றதும் என்ஜினை அணைக்கச் சொல்வார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொல்வார். ஒருவர் பம்பர்மேல் ஏறிக் குதிக்க வேண்டும். அத்தான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, மட்கார்டில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் ஷெட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. அப்புறம் எழுந்து, இன்ன இடத்து புஷ், இன்ன பக்கத்து பேரிங் என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுவேதான் இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அழுக்கு வண்டியை அவரிடம் கொண்டுபோகக் கூடாது. சேறும் கிரீஸ் காய்ந்த மூட்டுமாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிடுவார். அதனால் டாக்டரிடம் போகும்முன் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல, எல்லோரும் வண்டியைக் கழுவி, கிரீஸ் அடித்து, அப்புறம்தான் கொண்டுவருவார்கள். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் அப்பாவின் வேனைப் பார்க்க வந்துதான் அவர் வீட்டுக்குள் நுழைந்தார். மூன்று நாள் வேலையை மூன்று வாரம் செய்தார். வேன் ஓட ஆரம்பித்த அன்று அக்காளைக் கேட்டார். வேனைக் கேட்டிருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார். அத்தானுக்கும் அக்காளுக்கும் ஒரே மகள். இருபத்தேழு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

பாப்பா ஓட்டுவது அவளைவிட இரண்டு வயது மூத்த ஃபோர் வீல் டிரைவ் டிரக். மலை உச்சியில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. அதைப் பராமரிக்கிற ஆறு பேரை வாரத்துக்கு இரண்டு முறை மேலே கொண்டுபோய், திரும்ப இறக்கிக் கொண்டுவருவது அவள் வேலை. பாதி வழியோடு தார் முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் பள்ளமும்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

போன வருஷம் அவள் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டாள். அடிப்பாகம் கல்லில் இடிக்காமல் போக அது தேவைதான். ஆனால் பெரிய டயரின் பாடு முழுக்க முன்பக்கத்துப் பால் ஜாயிண்டுகள்மேல் விழும். முன் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் மூட்டு அது. நம் தோள்மூட்டு போலக் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. கீழ் மூட்டு பிடுங்கிக்கொண்டால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதும் விட்டுவிடுவதும் ஒன்றுதான். பழைய மூட்டுகள் நாலே மாதத்தில் முனக ஆரம்பித்தன. அத்தான் ஒருமுறை கேட்டதிலேயே கண்டுபிடித்தார்.

அதே தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கனமான மூட்டுகளாகத் தருவித்துக் கொடுத்தேன். பழையதற்குள் பிளாஸ்டிக் கிண்ணம், ஆயுசுக்கும் மூடி வைத்தது. புதியதில் இரும்போடு இரும்பு உரசும்; கிரீஸ் ஏற்றத் தலையில் ஒரு நிப்பிள் உண்டு. அத்தான் ஒரு பகல் முழுக்கச் செலவழித்தார். பழையதை பிரஸ் வைத்துப் பிதுக்கி எடுத்து, குழியை எமரித் தாளால் தேய்த்து, புதியதை நேராக உட்காரவைத்து, நட்டை முறுக்கி, அது கழலாதபடி இரும்புப் பின் ஒன்றைக் குத்தி வளைத்தார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதே மாதம் கல்குவாரி டிரக் ஒன்றுக்கும் அதே மூட்டுகளைப் போட்டார்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் வாசித்துக் காட்டினேன்.

“கடப்பாரையெல்லாம் காது இல்லாதவனுக்கு, மாப்பிள்ளை” என்றார். அந்தக் காகிதத்திலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பாப்பாவோடு டிரக்கில் ஷெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இடது பக்கம் லேசாக இழுத்தது. பாப்பா யோசிக்காமலே ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு பேசிக்கொண்டே ஓட்டினாள். தினமும் ஓட்டுகிற கைக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. ஷெட்டுக்கு ஒரு தெரு முன்னால் ஓரங்கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து கிரீஸ் கன்னை எடுத்தாள். இங்கேயா என்று கேட்டேன்.

“ரெண்டு நாளா திரும்பும்போது முனகுது மாமா. காஞ்ச மூட்டோட போனா அப்பா திட்டுவாரு.”

நாலு அழுத்து அழுத்தினாள். ரப்பர் ஓரத்தில் பழைய கிரீஸ் பிதுங்கி வந்தது. சாம்பல் நிறம், வெயிலில் மினுமினுத்தது. நான் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவு போல நைசான இரும்புத்தூள். குண்டு கிண்ணத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள முடியாதவனாக இருந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். புதுக் கிரீஸில் மிதந்த மூட்டு மூச்சுக்கூட விடவில்லை. தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கிறது, ஓட்டு என்றார். நான் விடவில்லை. “வண்டி இடப்பக்கம் இழுக்குது அத்தான். ஒரு தடவை தூக்கிப் பாருங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நின்றிருந்த வாடிக்கையாளர்களைப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு செட் விக்கணுமாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். இரும்புத்தூள் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் கோபம் இறங்கியது, ரோஷம் இறங்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னால் மறுபடி ஷெட்டே சிரிக்கும். பாப்பாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அப்பாவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே மாமா என்பாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு வாரம் ஓடியது. அக்காள் போன் செய்தாலே பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுப்பேன். அவள் வேறு எதையோ கேட்டுவிட்டு வைப்பாள். ஒரு நாள் டிரக் என் கடை முன்னால் நின்றபோது இடது முன் டயரைத் தடவிப் பார்த்தேன். உள்பக்க விளிம்பு மொட்டையாகியிருந்தது. கடைக்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

மழை விட்ட மறுநாள் முன்பகலில் ஒரு பேரிங் கொடுக்க ஷெட்டுக்குப் போனேன். அந்தக் குவாரி டிரக் வந்து நின்றது. கழுவவில்லை, சேறு சொட்டியது. டிரைவர் புது ஆள். அத்தான் திட்ட வாயெடுத்தவர், அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் நிறுத்திக்கொண்டார். கீல் துருப்பிடித்த கதவு போல மூட்டு கிறீச்சிட்டது. அதற்கு அடியில் ‘டொக்’ என்று இன்னொரு சத்தம். அவரே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினார். சக்கரம் அரை அங்குலம் மேலே வந்தது, வண்டி வரவில்லை.

ஏன் கிரீஸ் அடிக்காமல் கொண்டுவந்தாய் என்று கேட்டார். வழக்கமான கோபம் அதில் இல்லை. முந்தின டிரைவர் சொல்லிவிட்டுத்தான் போனார், காதிடம் போகும்முன் கட்டாயம் அடிக்க வேண்டுமென்று, நான்தான் மறந்துவிட்டேன் என்று அந்த ஆள் மென்று விழுங்கினான். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“இது எப்ப மாட்டினோம்?”

“பாப்பா வண்டிக்கு மாட்டின அதே மாசம்.”

அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எத்தனை வண்டிகளின் வாயை அடைத்துத் தன்னிடம் கொண்டுவந்தார்கள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாப்பா எங்கே என்று கேட்டார். காலையில் மலைக்குப் போயிருக்கிறாள் என்பது அவருக்கே தெரியும். போன் போட்டேன், போகவில்லை. டவரில் வேலை நடக்கும்போது அதை அணைத்துவிடுவார்கள். அவளைக் கூப்பிட இருந்த ஒரே டவர் அதுதான்.

என் வேனில் கிளம்பினோம். தார் முடிந்ததும் அத்தான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே வைத்துக்கொண்டார். மேலே டிரக் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

“பாப்பா இறங்கி வர்றா. நிறுத்து. ஓரங்கட்டு.”

ஓரம் என்று அங்கே ஒன்று இல்லை. நான் பிரேக் போடுவதற்குள் வளைவில் டிரக்கின் மூக்கு தெரிந்தது. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். பாப்பாவை ஓட்டப் பழக்கியபோது அத்தான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். என் வேனைப் பார்த்ததும் அவள் முறைப்படி பிரேக்கை அழுத்தினாள்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. இடது முன் சக்கரம் மடங்கிப் படுத்தது. டிரக் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு இடப்பக்கம் இழுபட்டுப் போய்ப் பாறையில் மோதி நின்றது. இடப்பக்கம் பாறை. வலது சக்கரமாக இருந்திருந்தால் ஏழு பேரும் கீழே போயிருப்பார்கள். பாப்பாவுக்கு நெற்றியில் அடி. ஐந்து பேருக்குச் சிராய்ப்பு. ஆறாவது ஆள், டவர்மேல் ஏறி வேலை செய்கிறவர், பின்னாலிருந்து குதித்திருக்கிறார். பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் அவர் இடது கால் மாட்டிக்கொண்டது. அவரை வெளியே எடுக்கும்வரை அத்தான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் போனவரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்காள், கட்டுப் போட்ட நெற்றியோடு பாப்பா. அத்தான் அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார்.

“என் மகமேல தப்பில்லம்மா. எனக்குக் கேக்கல. கிரீஸ் அடிக்காம வராதேன்னு சொன்னவன் நான். தூக்கிப் பாக்காதவனும் நான்தான்.”

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். அவரைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. பாப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“மாமா மட்டும்தான்பா அன்னைக்கே சொன்னாங்க. நாமதான் சிரிச்சோம்.”

“ஆமா” என்றார் அத்தான். “மாப்பிள்ளை சொன்னாரு.”

முப்பது வருஷத்தில் என்னை அவர் ‘சொன்னாரு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் நான் சொன்னேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாவது சொன்னீங்களே, அண்ணே” என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.