கட்டுரையில் வந்த கன்னம்

என் ஆய்வுக் கட்டுரை வெளியாகி மூன்றாம் நாள் காலை, கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து ஊர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல மாது தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், நீங்கள் எழுதினதில இருக்கிற படத்தை அந்தப் பிள்ளை பாத்திட்டா. ஆரோ ஃபோனுக்கு அனுப்பியிருக்கினம். ஊரே பாத்திட்டுது."

எந்தப் பிள்ளை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோயைப் பற்றிய கட்டுரை அது. நோவில்லாத சின்னப் பருவாகத் தொடங்கும், மெல்ல மெல்லப் பெருத்துப் புண்ணாகும், மாதக்கணக்கில் ஆறாது. கையிலும் காலிலும் எத்தனையோ புண்களைப் படமெடுத்திருந்தேன். கன்னத்தில் இருந்தது ஒருத்திக்குத்தான். வயல் செய்யும் குடும்பம். கலியாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். சம்மதப் படிவத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது. மூடி வைத்தேன். பிறகு திரும்பவும் எடுத்தேன். சட்டப்படி பிழையில்லை என்று கூட வேலை செய்பவர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்கு முன்பே வாகனத்தை எடுத்துக்கொண்டு மன்னார்ப் பாலத்தைக் கடந்துவிட்டேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கந்தோரில் முத்திரை குத்தி அனுப்பும் கடிதம் போலவே வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புண் ஆறி, கன்னத்தில் குழிந்த தழும்பு மட்டும் இருந்தது.

"வாங்கோ மிஸ், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நான் நின்றுகொண்டே, "உங்களிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்" என்றேன்.

"படம் எடுக்கேக்க நான் ஓம் எண்டுதானே சொன்னனான். ஃபைலுக்குள்ள வைக்கப் போறியள் எண்டு நினைச்சன்." நெல்லைக் காலால் துழாவியபடியே சொன்னாள். "கண்ணுக்கு மேல கறுப்பாக் கோடு போட்டிருக்கிறியள். களவெடுத்துப் பிடிபட்ட ஆக்களுக்கெல்லோ பேப்பரில அப்பிடிப் போடுறவை. மனுசன் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் அழுதனான்."

ஆளை மறைக்கத்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். காதுத் தோடும் நாடியின் வடிவமும் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

"அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "எல்லாம் இங்கிலிஷ்."

தொலைபேசியில் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஒரு வரியில் நாக்குத் தடுமாறியது. தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன்; அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்தேன். "நோயாளர்கள் வைத்தியத்துக்குப் பிந்தி வருவதற்கு அவர்களுடைய அறியாமையே முக்கிய காரணம்."

"ஆருக்கு அறியாமை?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "முதல் மாசமே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினனான். கிறீம் தந்து அனுப்பிச்சினம். திரும்பவும் போனன், வேற கிறீம். பிறகு கிழமைக்கொரு ஊசி எண்டு சொல்லிச்சினம். அறுவடை நேரம் வயலை விட்டிட்டு இரண்டு பஸ் ஏறிப் போகவேணும். இதுகள் ஒண்டையும் நீங்கள் என்னட்டக் கேக்கேல்லையே."

கேட்கவில்லைதான். நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியுமா எனக் கேட்டேன், தெரியாது என்றாள், 'அறியாமை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். முதலில் எப்போது, எங்கே காட்டினாள் என்று கேட்க என் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

"அந்த வரி பிழை" என்றேன். "திருத்துவன்."

"திருத்துங்கோ" என்றாள். மறுபடி நெல்லைத் துழாவத் தொடங்கினாள்.

நான் எழுதிக் கேட்டதும், கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்காரர் சில கிழமைகளில் படத்தை நீக்கிவிட்டார்கள். அந்த வரியைத் திருத்துவதற்கு ஆதாரம் கேட்டார்கள். மறுபடியும் வீடு வீடாகப் போனேன். பல வீடுகளில் அவள் சொன்னதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். திருத்தத்தை எழுதி அனுப்பியபோது, ஆஸ்பத்திரித் தோல் வைத்தியருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். கிழமைக்கொருமுறை ஊருக்கே வந்து ஊசி போட அவர் சம்மதித்தார்.

பாலர் பாடசாலைக் கட்டடத்தில் கிளினிக் தொடங்கிய அன்று, காலில் புண்ணோடு இருந்த மாமனாரைக் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். கட்டுரையிலிருந்து படத்தை எடுத்தாச்சு என்று சொன்னேன்.

"அங்க எடுத்திருப்பினம் மிஸ். ஊராக்களின்ர ஃபோனுகளில இப்பவும் கிடக்கு."

ஊசி ஏறும்போது மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்து, வாகனத்தில் ஏற மனமில்லாமல், வாய்க்கால் ஓரமாக வெகுதூரம் நடந்தேன்.