எடை இலை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்குப் பெயர் பிடுங்கி. வைத்தவர் இயக்குநர். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கம்பியைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கி, மிச்சக் கணினிகள் வேலையைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். "நீ என்ன பெரிய பிடுங்கியா" என்று திட்டுவார்களே, அந்த வன்மமும் அந்தப் பெயரில் இருந்தது. அக்கா அசரவில்லை. "ஆமா சார், சம்பளமே அதுக்குத்தானே" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். மாற்றுச் சாவிகளை அண்டை வீட்டுப் பெண்கள் இருவரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்திருந்தார். அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"சிநேகிதிங்க கிட்ட குடுத்தா ரெண்டு பேரும் சேர்ந்தே சினிமாவுக்குப் போயிடுவாங்க. நான் வாசல்ல நிக்கணும்."

அவர் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அடித்துக்கொள்ளவில்லை. ஒன்றாகக் கெடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே ஆள் கணக்குத்தான். எங்கள் தொழிலே அதில்தான் நிற்கிறது.

ஓர் ஆஸ்பத்திரியின் அவசர வார்டுக்காக மருந்துப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தோம். நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்தின் அளவை உள்ளே மூன்று கணினிகள் தனித்தனியே கணக்கிடும். இரண்டு ஒத்துப்போனால் அந்த அளவு இறங்கும். மாறிச் சொல்வதைப் பழுது என்று பெட்டியே ஒதுக்கி, அதன் விளக்கை அணைத்துவிடும். மூன்றுக்கும் மூன்று குழுக்கள் மூன்று அறைகளில் நிரல் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். இரண்டாம் அறை என்னுடையது. வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று முதல் அறைக்காரனோடு டீ குடிப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

சோதனையன்று அக்கா முதலில் ஒரு பெரியவரின் விவரத்தை ஏற்றினார். அடுத்து ஒரு கைக்குழந்தை. வேண்டுமென்றே எடையைக் காலியாக விட்டார். என் கணினி "எடை தெரியாது, மருந்து தர மாட்டேன்" என்று நின்றுவிட்டது. மற்ற இரண்டும் முந்தைய பெரியவரின் எடையையே எடுத்துக் கணக்குப் போட்டன. இரண்டுக்கு ஒன்று. என் விளக்கு அணைந்தது. மருந்துக்குப் பதில் வைத்திருந்த தண்ணீர் பெரியவருக்கான அளவில் குவளையில் இறங்கியது. அந்த இடத்தில் குழந்தை இருந்திருந்தால் செத்திருக்கும்.

அக்கா குவளையைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே எச்சரிக்கை வரி: "எடை இலை." இல்லை என்பதில் ஓர் எழுத்தைக் காணோம்.

"சரியா எழுதினா எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. தப்பு எப்படிடா ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல விழும்?"

மூன்றாம் அறையைத் திறக்கவைத்தார். உள்ளே உடைந்த நாற்காலிகளும் தூசியும்தான். குழுவே அமர்த்தப்படவில்லை. முதல் நிரலில் சில பெயர்களை மாற்றி மூன்றாவது என்று வைத்திருக்கிறார்கள். ஈயடிச்சான் காப்பி. இவர்கள் காப்பியடிக்க, சட்டத்துக்குப் பயந்து நான் டீயை விட்டிருக்கிறேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

இயக்குநருக்குக் கொதிக்கவில்லை. "எழுத்துப்பிழைதானேம்மா, திருத்திட்டாப் போச்சு" என்றார். சொன்னபடியே திருத்தவும் செய்தார். அடுத்த வாரம் இரண்டு திரைகளிலும் "எடை இல்லை" என்று இலக்கண சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகும் பெரியவரின் அளவுதான் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பெட்டியைப் பார்க்க வந்த அன்று அக்காவைத் தன் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை.

"மூணு நிபுணருங்க உக்காந்து ஒருமனதா சொல்ற மாதிரி" என்று பெரியவர் ஒருவரின் விவரத்தை ஏற்றிக் காட்டி இயக்குநர் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு குழந்தையின் விவரத்தைத் தட்டினார். எடையைக் காலியாக விட்டார். என் விளக்கு அணைந்தது. குவளை நிரம்பி மேசையில் வழிந்தது.

"பாத்தீங்களா, பழுதானதை மிஷினே கண்டுபிடிச்சு ஒதுக்கிடுச்சு" என்றார் இயக்குநர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று நேரில் பார்த்தேன்.

அக்கா சொட்டிக்கொண்டிருந்த குழாயை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"ரெண்டும் ஒருமனதா சொல்லுது. உங்க பேரன் கையில ஏத்தலாமா சார்?"

இயக்குநர் கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பெட்டி அந்த வார்டுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. அதில் மூன்று பேர்: இயக்குநர், துணை இயக்குநர், சோதனைப் பொறுப்பாளர் என்ற முறையில் அக்கா. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் இரண்டு எதிரே இருக்க, அக்கா ஒருவர்தான் இந்தப் பக்கம். முதல் தீர்மானம், ஒத்துழைக்காத காரணத்தால் அவரைக் குழுவிலிருந்து நீக்குவது. இரண்டுக்கு ஒன்று. வெளியே போகச் சொன்னார்கள். நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது தீர்மானம், அதே பெட்டியை வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது. அது ஒருமனதாக நிறைவேறியது.